விழிப்பும் கிளர்ச்சியும் அமைதியும்: உணர்வை எழுப்பும் ஆங்கிலச் சொற்களும் அவற்றின் எதிர்ச்சொற்களும்

1. பொருளும் நோக்கும்

ஒரு மொழியில் உணர்வுகளுக்கு இடப்பட்டிருக்கும் பெயர்களைக் காட்டிலும், அவற்றை எழுப்புதல், தூண்டுதல், தணித்தல், அடக்குதல் ஆகிய செயல்களைக் குறிக்கும் வினைச்சொற்களே, அம்மொழியினர் மனித மனத்தைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. சினம், அச்சம், உவகை என்னும் பெயர்கள் மனத்தில் நிகழ்வது இன்னதென்று சொல்லி அமைகின்றன. வினைச்சொற்களோ அதனை நிகழ்த்துபவர் யார், எக்கருவியால் நிகழ்த்துகிறார், நிகழ்த்தப்படுபவருக்கு அதில் பங்கு உண்டா என்பவற்றையும் உடன் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இவ்வகை வினைகள் மிகப் பல. அவை பழைய ஆங்கிலம், நார்ஸ் மொழி, பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம் எனப் பல ஊற்றுகளிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை என்பதால், அவற்றை ஆராய்வது ஆங்கிலம் பேசுவோரின் சமய, மருத்துவ, அரசியல் வரலாற்றை ஆராய்வதும் ஆகிறது.

இச்சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுத்த நூல்களுள் முதலிடம் பெறுவது, பீட்டர் மார்க் ரோஜெட் 1852-இல் லண்டனில் வெளியிட்ட ‘தெசாரஸ்’ என்னும் சொற்களஞ்சியம். மருத்துவரும், ராயல் கழகத்தின் செயலராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவருமான ரோஜெட், உயிரினங்களை வகைப்படுத்தும் இயற்கை அறிவியலாரின் முறையைச் சொற்களுக்குப் பொருத்தி, கருத்துகளை ஆயிரம் தலைப்புகளாகப் பகுத்து, ஒன்றற்கொன்று எதிரானவற்றை ஒரே பக்கத்தில் இரு பத்திகளாக நிறுத்தினார். உணர்வுகளுக்குரிய ஆறாம் வகுப்பில் உணர்ச்சியுடைமைக்கு எதிராக உணர்ச்சியின்மையும், எளிதில் கிளர்வதற்கு எதிராகக் கிளராமையும் இடம்பெற்றன. ஆனால் தணித்தலைக் குறிக்கும் வினைகளை ஒருவர் அந்நூலில் தேடினால், அவை கிளர்ச்சியூட்டலுக்கு நேர் எதிரே ஒரே இடத்தில் திரண்டிராமல், மட்டுப்படுத்தல், சமாதானப்படுத்தல், துயர்நீக்கம் முதலிய பல தலைப்புகளில் சிதறியிருப்பதைக் காணலாம். எதிர்ச்சொல்லைக் குறிக்கும் ‘ஆன்டனிம்’ என்னும் ஆங்கிலச் சொல் 1867-இல் சி. ஜே. ஸ்மித் என்பவரின் அகராதியால் வழக்குக்கு வந்த பின்னர், ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் எதிரான ஒரு சொல் உண்டு என்னும் எண்ணம் பள்ளிப் பாடங்கள் வரை பரவிவிட்டது. ரோஜெட்டின் நூலிலுள்ள அந்தச் சிதறலோ அவ்வெண்ணம் இத்துறைக்குப் பொருந்தாது என்பதை முன்னரே காட்டிவிட்டது.

இச்சொற்பொழிவு நிறுவ முற்படும் கருத்து இதுதான்: உணர்வை எழுப்பும் ஆங்கிலச் சொற்களும் அவற்றின் எதிர்ச்சொற்களும் ஒரே கோட்டின் இரு முனைகளில் நிற்பவை அல்ல, மூன்று தனித்தனி இணைகளாக அமைந்தவை. விழிப்புக்கு எதிரானது உறக்கம். கிளர்ச்சிக்கு எதிரானது அமைதி. உணர்வுடைமைக்கு எதிரானது மரத்துப்போதல். விழித்திருப்பவர் அமைதியாகவும் இருக்கலாம். கொந்தளிப்பவர் விழிப்பில்லாமலும் இருக்கலாம். அமைதிபோல் தோன்றுவது மரத்துப்போன நிலையாகவும் இருக்கலாம். இம்மூன்று இணைகளையும் ஒன்றாகக் குழப்பியபோதெல்லாம் பேச்சிலும் சட்டத்திலும் மருத்துவத்திலும் தீங்குகள் விளைந்துள்ளன என்பதை இச்சொற்களின் வரலாறே காட்டுகிறது.

2. தன்வினையும் பிறவினையும்

தமிழ் இலக்கணம் எழு என்பதற்கு எழுப்பு, அடங்கு என்பதற்கு அடக்கு, ஆறு என்பதற்கு ஆற்று எனத் தன்வினைக்கும் பிறவினைக்கும் தெளிவான வடிவ வேறுபாட்டைப் பேணி வருகிறது. ஒருவர் தாமே செய்வது தன்வினை, பிறரைச் செய்விப்பது பிறவினை. இன்றைய ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்து, ‘வேக்’ என்னும் ஒரே சொல் விழித்தலையும் விழிக்கச் செய்தலையும் குறிக்கிறது. ஆயினும் பழைய ஆங்கிலத்தில் ‘வக்கான்’ என்பது தானே விழித்தெழுதலையும், ‘வெச்சன்’ என்பது பிறரை எழுப்புதலையும் குறிக்கும் இணையாக வழங்கின. உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’, உட்காரவைத்தலைக் குறிக்கும் ‘செட்’ ஆகியவை அந்தப் பழைய முறையின் எச்சங்கள். விழித்தல் என்னும் வினையின் தொல்பழங்கால வேருக்கு உயிர்த்துடிப்பு, வலிமை என்பது பொருள் என ஒப்பியல் மொழியியலார் கொள்கின்றனர். காவல் காத்தலைக் குறிக்கும் ‘வாட்ச்’, காத்திருத்தலைக் குறிக்கும் ‘வெயிட்’, இரவுக் கண்விழிப்பைக் குறிக்கும் ‘விஜில்’, துடிப்பைக் குறிக்கும் ‘விகர்’, இலத்தீனில் உயிரூட்டுதலைக் குறித்த வினையிலிருந்து தாவரத்துக்குப் பெயராகிப் பின் காய்கறிக்கு வந்த ‘வெஜிடபிள்’ ஆகியவை எல்லாம் அவ்வேரின் கிளைகள். ஆகவே இச்சொற்குடும்பத்தில் விழிப்பு என்பது உறக்கம் கலைதல் மட்டுமன்று. தன் வலிமை தன்னிடம் திரும்புதலும் ஆகும்.

தணிக்கும் சொற்களிலும் இந்தப் பிறவினை வடிவங்கள் உருமறைந்து கிடக்கின்றன. நெருப்பையோ தாகத்தையோ தணித்தலைக் குறிக்கும் ‘குவென்ச்’, அணைந்துபோதல் என்னும் பழைய தன்வினையிலிருந்து பிறந்த பிறவினை. அதாவது அணையச் செய்தல். கலகத்தையோ அச்சத்தையோ ஒடுக்குதலைக் குறிக்கும் ‘குவெல்’, இறத்தல் என்னும் பழைய வினையின் பிறவினை. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் கொல்லுதல் என்பதே. மருந்து கொடுத்து அமைதிப்படுத்துவதைக் குறிக்கும் ‘செடேட்’ இலத்தீனில் அமர்தல் என்னும் வினையின் பிறவினை. அமரச் செய்தல் என்பது அதன் பொருள். மூன்றும் அகராதிகளில் தணித்தல் என்று பொருள் பெற்றாலும், ஒன்று அணைக்கிறது, ஒன்று கொல்கிறது, ஒன்று அமர்த்துகிறது. அமர்த்தப்பட்டவர் மீண்டும் எழலாம். கொல்லப்பட்டதற்கு மீட்சி இல்லை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை இடுபவர் ஆங்கிலத்தைப் பிழையாக எழுதுகிறார் என்பதோடு, நிகழ்ந்ததையும் பிழையாகச் சொல்லிவிடுகிறார்.

3. தூண்டும் சொற்களின் மூலங்கள்

எழுப்பும் சொற்களை அவற்றின் மூலப்பொருளைக் கொண்டு வகுத்தால் நான்கு பெரும் பிரிவுகள் தெரிகின்றன. முதலாவது, குத்துதல். ‘ஸ்டிமுலஸ்’ என்பது இலத்தீனில் மாட்டை ஓட்டும் கூர்முனைத் தாற்றுக்கோல். 17-ஆம் நூற்றாண்டில் மருத்துவச் சொல்லாக ஆங்கிலத்தில் நுழைந்து, உடலுறுப்பைச் செயற்படச் செய்யும் எதனையும் குறிக்கலாயிற்று. பிறரைத் தீச்செயலுக்கு ஏவுதலைக் குறிக்கும் ‘இன்ஸ்டிகேட்’ என்பதன் வேரும் குத்துதலே. குதிமுள்ளைக் குறிக்கும் ‘ஸ்பர்’, ஊக்குதலைக் குறிக்கும் வினையாகவும் நின்றது. ‘த்ரில்’ என்பதன் பழம்பொருள் துளைத்தல். மூக்கின் துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்பதன் பின்பகுதி அதே சொல்தான். இன்று மெய்சிலிர்ப்பைக் குறிக்கும் அச்சொல், உணர்வு உடலைத் துளைத்துச் செல்வதாகக் கொண்ட பழைய எண்ணத்தின் எச்சம். தமிழ்ப் பாடநூல்கள் ‘ஸ்டிமுலஸ்’ என்பதைத் தூண்டல் என்றும், அதற்கு உயிரி காட்டும் எதிர்வினையைத் துலங்கல் என்றும் வழங்குகின்றன. தூண்டுகோல் என்பது விளக்குத் திரியை ஏற்றிவிடும் கோலுக்கும் பெயராதலால், இலத்தீனில் மாட்டை விரட்டிய கோல் தமிழில் சுடரை உயர்த்தும் கோலாகிவிட்டது.

இரண்டாவது பிரிவு, அழைத்தல். ‘ப்ரோவோக்’ என்பது முன்னே வரும்படி அழைத்தல். ‘இவோக்’ என்பது உள்ளிருந்து வெளியே அழைத்தல். இரண்டும் குரலைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தும், முன்னது சினமூட்டலுக்கும் பின்னது நினைவையும் மென்மையான உணர்வையும் வருவித்தலுக்கும் உரியவாயின. ‘எக்ஸைட்’, ‘இன்சைட்’ ஆகியவையும் இயக்குதல், அழைத்து வருதல் என்னும் பொருளுடைய ஒரு வினையிலிருந்து வந்த உடன்பிறப்புகள். ‘எக்ஸைட்’ உள்ளிருப்பதை வெளியே எழுப்புகிறது, ‘இன்சைட்’ ஒருவரை ஒரு செயலுக்குள் தள்ளுகிறது. மூச்சு நின்றவரை மீட்டலைக் குறிக்கும் ‘ரிசஸிடேட்’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

மூன்றாவது பிரிவு, நெருப்பும் வெப்பமும். ‘கிண்டில்’ என்பது நார்ஸ் மொழியிலிருந்து வந்த தீமூட்டல். ‘இன்ஃப்ளேம்’ என்பது சுடர்விடச் செய்தல். ‘இன்சென்ஸ்’ என்பது பெயராக நிற்கையில் நறும்புகையையும் வினையாக நிற்கையில் கடுஞ்சினமூட்டலையும் குறிப்பது, இரண்டுக்கும் அடி எரித்தலே. ‘ஃபொமென்ட்’ என்பதன் முதற்பொருள் ஒத்தடம் கொடுத்தல். உடலின் நோவைப் போக்க வெப்பம் கொடுத்த சொல், காலப்போக்கில் கலகத்துக்கு வெப்பம் கொடுத்து வளர்த்தல் என்னும் பொருளுக்கு மாறிவிட்டது.

நான்காவது பிரிவு, மூச்சு. ‘இன்ஸ்பயர்’ என்பது உள்ளே ஊதுதல். ‘அனிமேட்’ என்பது உயிர்மூச்சைக் குறிக்கும் இலத்தீன் பெயரிலிருந்து வந்த உயிரூட்டல். இப்பிரிவுச் சொற்கள் பெரும்பாலும் உயர்வாகவே வழங்குவதற்குக் காரணம், குத்துபவர் பிறருடைய உடலைத் தம் வழிக்கு ஓட்ட, ஊதுபவரோ பிறருக்குள் ஒன்றைக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறார் என்னும் உள்ளுணர்வு எனலாம்.

இந்நான்கினுள்ளும் அடங்காத ‘ரௌஸ்’ என்னும் சொல் வேட்டைக்களத்திலிருந்து வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அது வேட்டைக்குப் பழக்கப்பட்ட வல்லூறு தன் இறகுகளைச் சிலிர்த்துக்கொள்ளுதலையும், புதரில் பதுங்கிய விலங்கு வெளியே எழுதலையும் குறித்தது. பிறகு விலங்கை எழச் செய்தலையும், 16-ஆம் நூற்றாண்டில் உறங்குபவரை எழுப்புதலையும் குறிக்கலாயிற்று. ‘அரைஸ்’, ‘அவேக்’ முதலியவற்றின் அமைப்பைப் பின்பற்றி அதிலிருந்து பிறந்த ‘அரௌஸ்’ என்னும் வடிவத்தின் மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்று ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் உள்ளது. இன்று ‘ரௌஸ்’ மனிதரை எழுப்ப, ‘அரௌஸ்’ ஐயம், ஆர்வம், இச்சை முதலிய உணர்வுகளை எழுப்புகிறது.

4. தணிக்கும் சொற்களின் மூலங்கள்

தணிக்கும் சொற்களும் தத்தம் மூலத்தை மறவாமல் வைத்திருக்கின்றன. ‘காம்’ எனப்படும் அமைதி, எரிக்கும் வெப்பத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து பிற்கால இலத்தீன் வழியாக வந்தது என்பது அறிஞர் பலரின் கொள்கை; நடுப்பகல் வெயிலில் காற்றும் கடலும் உழைப்பும் ஓய்ந்து நிற்கும் வேளையே முதலில் அப்பெயர் பெற்றது. ‘ஸூத்’ என்பதன் வரலாறு இன்னும் ஆழமானது. பழைய ஆங்கிலத்தில் உண்மையைக் குறித்த பெயரிலிருந்து பிறந்த அவ்வினை, முதலில் ஒன்றை மெய்யென்று நிறுவுதலையும், பின்னர் ஒருவர் சொல்வதை மெய்யென்று ஆமோதித்தலையும், அதன்பின் அவ்வாறு ஆமோதித்து அவரை மகிழ்வித்தலையும், இறுதியில் துயரையும் வலியையும் ஆற்றுதலையும் குறித்தது. உண்மையில் தொடங்கிய சொல் முகத்துதியைக் கடந்து ஆறுதலை அடைந்த இந்தப் பயணம், ஆறுதல் மொழி மெய்யாகவும் பொய்யாகவும் இருக்க இடமுண்டு என்பதைத் தன்னுள் பதித்துக்கொண்டுள்ளது.

‘பேசிஃபை’, ‘அப்பீஸ்’ ஆகிய இரண்டும் சமாதானத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயரிலிருந்து வந்தவை. பணம் செலுத்துதலைக் குறிக்கும் ‘பே’ என்னும் அன்றாடச் சொல்லும் அதே அடியினது, ஏனெனில் கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்துவதே பழங்காலத்தில் கடனடைப்பாகக் கருதப்பட்டது. ‘அஸ்வேஜ்’ இனிமையாக்குதலையும், ‘மாலிஃபை’, ‘மிட்டிகேட்’ ஆகியவை மென்மையாக்குதலையும், ‘அலே’ கீழே கிடத்துதலையும் மூலப்பொருளாகக் கொண்டவை. குழந்தையை உறங்கவைக்கும் ஒலியைப் போலவே அமைந்த ‘லல்’ என்னும் சொல்லிலிருந்து ‘லல்லபை’ என்னும் தாலாட்டுப் பெயர் பிறந்தது. நாவைக் குறிக்கும் தால் என்னும் சொல்லைக் கொண்டு தமிழ் அதே பாட்டுக்குப் பெயரிட்டிருப்பது, இரு மொழிகளும் நாவசைவின் ஒலியையே உறக்கத்தின் கருவியாகக் கண்டமையைக் காட்டுகிறது.

இவற்றை முன்னர்க் கூறிய தூண்டும் சொற்களோடு பொருத்திப் பார்த்தால், எதிர்ச்சொல்லைத் தேரும் முறை விளங்கும். தீமூட்டும் ‘கிண்டில்’ என்பதற்கு அணைக்கும் ‘குவென்ச்’ எதிராகும். குத்திப் புண்படுத்தியதற்கு மென்மையாக்கும் ‘மாலிஃபை’ எதிராகும். எழுந்து நின்றதற்கு அமர்த்தும் ‘செடேட்’ எதிராகும். விழிக்கவைக்கும் ‘வேக்’ என்பதற்கு உறங்கவைக்கும் ‘லல்’ எதிராகும். சொல்லின் உள்ளே உறையும் உருவகத்தை அறிந்தவருக்கு அதன் எதிர்ச்சொல் தானே தென்படும்.

5. மருத்துவமும் ஆய்வுக்கூடமும்

உணர்வூட்டலும் உணர்வகற்றலும் மருத்துவத்தில் சந்தித்த வரலாற்றுக்கு ஒரு மீன் சான்றாகிறது. தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் திருக்கை வகை மீனைக் கிரேக்கர் ‘நார்கே’ என்றனர். மரத்துப்போதலுக்கும் அதுவே பெயர். ‘நார்காடிக்’ என்னும் மயக்கமருந்துப் பெயர் அதிலிருந்து வந்தது. உரோமானியர் அம்மீனை மந்தநிலையைக் குறிக்கும் வினைகொண்டு ‘டார்பிடோ’ என அழைத்தனர். பிளேட்டோவின் உரையாடல்களுள் ஒன்றில் சாக்ரட்டீஸ் இம்மீனுக்கு ஒப்பிடப்படுகிறார். மற்றொன்றில் அவர் தம்மைச் சோம்பிய குதிரையைக் கடித்து எழுப்பும் ஈக்கு ஒப்பிட்டுக்கொள்கிறார். அறியாமையை உணர்ந்து திகைத்து மரத்துப்போவதும் அறிவுக்கு விழித்தெழுவதும் ஒரே ஆசிரியரின் பணியில் அடுத்தடுத்து நிகழக்கூடும் என்பதை அவ்விரு ஒப்புமைகளும் உணர்த்துகின்றன. 1772-இல் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரோஷெல் கடற்கரையில் நடத்திய ஆய்வுகள் அம்மீனின் மரக்கச் செய்யும் ஆற்றல் மின்னாற்றலே என்று காட்டின. அம்மீனின் பெயரை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபுல்டன் கடலடி வெடிகளுக்கு இட்டதால், மரத்தலைக் குறித்த சொல் வெடித்தலுக்கு உரியதாயிற்று.

மரக்கச் செய்த அதே மின்சாரம் எழுப்பவும் செய்யும் என்பதை இத்தாலியின் பொலோனா நகரில் லூயிகி கால்வானி தவளைக் கால்களைக் கொண்டு காட்டி, 1791-இல் தம் ஆய்வை வெளியிட்டார். அவர் பெயரிலிருந்து பிறந்த ‘கால்வனைஸ்’ என்னும் வினை, முதலில் மின்சாரம் பாய்ச்சுதலையும், பின்னர்ச் சோர்ந்திருந்த கூட்டத்தைத் திடீரெனச் செயலுக்கு எழுப்புதலையும் குறித்தது. இரும்பின்மேல் துத்தநாகம் பூசுவதற்கும் அதுவே பெயரானதால், இன்று கட்டுமானக் கடைகளில் வழங்கும் ஜி.ஐ. குழாயிலும் கால்வானியின் பெயர் நின்று நிலவுகிறது. கால்வானிக்குச் சற்று முன்னர், எடின்பரோவில் ஜான் பிரவுன் 1780-இல் வெளியிட்ட மருத்துவ நூல், உயிர் என்பதே கிளர்ச்சிக்கு ஆட்படும் தன்மை என்றும், நோய்கள் எல்லாம் கிளர்ச்சியின் மிகையாலோ குறையாலோ வருபவை என்றும் வாதித்தது. உறக்கம் தருவதாகப் பலரும் கருதிய அபினியையும் அவர் தூண்டும் மருந்தாகவே கொண்டார். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தும் இக்கொள்கை ஐரோப்பா முழுவதும் பரவி, மதுவையும் அபினியையும் பல நோய்களுக்கு மருந்தாக்கியது. ஒரே அளவுகோல் போதும் என்னும் எண்ணம் சொல்லாராய்ச்சியைக் கடந்து உயிர்களையும் தொடக்கூடியது என்பதற்கு இது சான்று.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை நிகழ்த்தவைத்தபோது, அந்நிலைக்குப் பெயர் வேண்டியிருந்தது. ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் எழுதிய கடிதமொன்றில் பரிந்துரைத்த ‘அனஸ்தீசியா’ என்னும் கிரேக்கச் சொல்லே நிலைத்தது. அதன் அடியான புலனுணர்வு என்னும் சொல்லைக் கொண்டுதான் பாம்கார்ட்டன் 1750-இல் அழகியலுக்கு ‘ஈஸ்தெடிக்கா’ என்று பெயரிட்டு நூல் வெளியிட்டிருந்தார். புலனுணர்வைக் கூர்மையாக்கும் கல்வியும் அதனை அகற்றும் மருத்துவமும் ஒரே வேரில் கிளைத்து எதிரெதிரே நிற்பது மூன்றாம் இணைக்குத் தக்க எடுத்துக்காட்டு. இங்கு எதிர்ச்சொல் அமைதியன்று, உணர்வின்மையே.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விணைகள் மேலும் தெளிந்தன. 1905-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆற்றிய சொற்பொழிவில் ‘ஹார்மோன்’ என்னும் சொல் முதன்முதலாக வழங்கியது. எழுப்புதல், இயக்குதல் என்னும் கிரேக்க வினையே அதன் அடி. சில சுரப்புகள் உறுப்புகளை இயக்காமல் அடக்குகின்றன என்பதால் எட்வர்ட் ஷாஃபர் சில ஆண்டுகளுக்குள் தளர்த்துதல் என்னும் கிரேக்க வினையிலிருந்து ‘கலோன்’ என்னும் எதிர்ச்சொல்லைப் படைத்தார். எழுப்பும் சொல் உலகெங்கும் பரவ, அடக்கும் சொல் அவ்வாறு பரவவில்லை; இன்று அடக்கும் சுரப்புகளும் ஹார்மோன் என்றே அழைக்கப்படுகின்றன. உளவியலிலும் வில்ஹெல்ம் வுண்ட் 1896-இல் இன்பம்–துன்பம், கிளர்ச்சி–அமைதி, இறுக்கம்–தளர்ச்சி என மூன்று அச்சுகளைப் பிரித்தார். 1949-இல் மொருட்ஸியும் மெகூனும் மூளைத்தண்டிலுள்ள வலையமைப்பே விழிப்பைப் பேணுகிறது என்று காட்டியபோது, விழிப்புக்கென்று தனிப்பட்ட உடற்கூறு உண்டென்பது புலனாயிற்று.

அமைதியையும் மரத்தலையும் குழப்பிய வரலாறு ‘டிராங்குவிலைசர்’ என்னும் சொல்லில் பதிந்துள்ளது. 1811-ஐ ஒட்டி ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ரஷ் மனநோயாளிகளைக் கைகால் கட்டித் தலையை மூடி உட்காரவைத்த நாற்காலிக்கு, அமைதி தருவது என்னும் பொருளில் அப்பெயரே இடப்பட்டது. 1950-களில் அது மருந்துகளின் பெயராகத் திரும்பி வந்தது. இந்திய மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பைனும் அவற்றுள் ஒன்று. நோயாளி அசையாதிருப்பது அவர் அமைதியடைந்ததால் அன்று என்பதை அந்நாற்காலியின் பெயர் மறைத்தது.

6. சமயமும் அரசியலும்

உணர்வுகளின் பொதுப்பெயராக இன்று வழங்கும் ‘இமோஷன்’ என்பதே இயக்கத்தைக் குறிக்கும் சொல்தான். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் மக்கள் கலக்கத்தையும் கொந்தளிப்பையும் குறித்தது. 1603-இல் மொன்டேனின் கட்டுரைகளை மொழிபெயர்த்த ஜான் ஃப்ளோரியோ, தாம் புகுத்திய பழகாத சொற்களுள் ஒன்றாக அதனைத் தம் முன்னுரையில் எண்ணிக் காட்டினார். எடின்பரோப் பேராசிரியர் தாமஸ் பிரவுனின் சொற்பொழிவுகள் 1820-இல் நூலாக வெளிவந்த பின்னரே, அது மனத்தின் ஒரு பெரும் பகுதிக்குரிய கலைச்சொல்லாக நிலைபெற்றது. வீதியில் நிகழ்ந்த கலக்கம் இவ்வாறு நெஞ்சுக்குள் குடியேறியது.

‘என்தூசியாசம்’ என்பது இறைவன் தன்னுள் புகுந்த நிலையைக் குறித்த கிரேக்கச் சொல். சமயப் போர்களால் நாடு சிதைந்த 17-ஆம் நூற்றாண்டில், இறைவன் தம்மோடு நேரே பேசுவதாகக் கூறிக்கொண்டவர்களைப் பழிக்கும் சொல்லாக அது மாறியது. 1700-இல் ஜான் லாக் தம் தத்துவ நூலின் நான்காம் பதிப்பில் இதனைக் கண்டித்துத் தனி இயலே சேர்த்தார். சாமுவேல் ஜான்சனின் 1755-ஆம் ஆண்டு அகராதியிலும் பழிப்புப் பொருளே முதலில் நின்றது. அதே காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களில் ஜோனதன் எட்வர்ட்ஸ், ஜார்ஜ் விட்ஃபீல்ட் ஆகியோரின் பிரசங்கங்களால் எழுந்த சமய எழுச்சி ‘மாபெரும் விழிப்பு’ என்னும் பொருளுடைய பெயரைப் பெற்றது. ஆதரித்தவர் விழிப்பு என்றதையே எதிர்த்த பாஸ்டன் போதகர் சார்ல்ஸ் சான்ஸி பித்தேறிய வெறி என்றார். 1746-இல் எட்வர்ட்ஸ் எழுதிய சமய உணர்வுகள் பற்றிய நூல், உணர்வு வெள்ளத்தின் அளவு மெய்யான விழிப்புக்குச் சான்றாகாது, அதன்பின் மாறும் வாழ்க்கையே சான்று என வலியுறுத்தியது. விழிப்பையும் கிளர்ச்சியையும் வேறுபடுத்தும் முயற்சிகளுள் அது தலையாயது. பழிச்சொல்லாயிருந்த ‘என்தூசியாசம்’ பின்னர் ஆர்வத்தைக் குறிக்கும் நற்சொல்லாக உயர்ந்தது. ‘அபதி’ என்னும் சொல்லோ எதிர்த்திசையில் நகர்ந்தது: ஸ்தோயிக்கத் தத்துவத்தினர் போற்றிய, வேட்கைகளுக்கு ஆட்படாத உயர்நிலையைக் குறித்த அச்சொல், இன்று எதிலும் அக்கறையற்ற தாழ்நிலையைக் குறிக்கிறது. மொழியியலார் முன்னதை உயர்பொருட்பேறு என்றும் பின்னதை இழிபொருட்பேறு என்றும் வகைப்படுத்துவர்.

இருபதாம் நூற்றாண்டு இரு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்தது. சமாதானப்படுத்தலைக் குறிக்கும் நற்சொல்லாக இருந்த ‘அப்பீஸ்மென்ட்’, 1938 செப்டம்பர் 30 அன்று மியூனிக்கில் நெவில் சேம்பர்லின் இட்லரோடு செய்த உடன்பாட்டுக்குப் பின், கொடியவனுக்கு இரை கொடுத்தலைக் குறிக்கும் பழிச்சொல்லாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில், இனக்கொடுமையின் நடுவே எச்சரிக்கையோடு விழித்திருத்தலைக் குறித்த ‘வோக்’ என்னும் சொல், பாடகர் லெட் பெல்லியின் 1938 ஒலிப்பதிவிலும், வில்லியம் மெல்வின் கெல்லியின் 1962 நாளிதழ்க் கட்டுரையிலும் இடம்பெற்று, 2014-இல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் இனக்கொடுமைக்கு எதிராக எழுந்த போராட்டத்துக்குப் பின் உலகெங்கும் பரவியது. 2017-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அப்பொருளைச் சேர்த்தது. அதன்பின் எதிர்ப்பாளர்களின் வாயில் அது வசைச்சொல்லாயிற்று. விழித்தவர்களை வெறிகொண்டவர்கள் என்று பெயரிட்டு ஒதுக்கும் வழக்கம் 1740-களிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

7. நீதிமன்றத்தில் சொற்கள்

இச்சொற்களின் பொருள்வேறுபாடு மனிதரின் விடுதலையை முடிவுசெய்த இடம் நீதிமன்றம். 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124ஏ பிரிவு, அரசுக்கு எதிராக வெறுப்புணர்வை ‘எக்ஸைட்’ செய்வதைக் குற்றமாக்கியது. செயலன்று, உணர்வை எழுப்புதலே குற்றம். 1897-இல் பாலகங்காதர திலகர் வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஸ்ட்ரேச்சி, அன்பின்மையையே அப்பிரிவு கூறும் வெறுப்புணர்வாக விளக்கியது பெரும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. இப்பிரிவின்கீழ்தான் 1908-இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே முன் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நிறுத்தப்பட்டனர். மக்களைத் தட்டியெழுப்பிய பேச்சுக்காக வ. உ. சி.க்கு வாழ்நாள் நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. 1922-இல் அகமதாபாத் விசாரணையில், அன்பைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது என்று காந்தி எடுத்துரைத்தார்.

விடுதலைக்குப் பின் 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறைக்குத் தூண்டும் பேச்சுக்கும் பொது அமைதியைக் குலைக்கும் பேச்சுக்கும் மட்டுமே அப்பிரிவு பொருந்தும் எனச் சுருக்கியது; ‘எக்ஸைட்’ என்னும் சொல் நின்ற இடத்தில் ‘இன்சைட்’ என்பதன் பொருளை வைத்துப் படித்தது. 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உடனடிச் சட்டமீறலை நோக்கமாகக் கொண்டு, அதனை விளைவிக்கவும் கூடிய தூண்டலையே தடுக்கலாம் என்றது; 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் விவாதித்தல், பரிந்துரைத்தல், தூண்டுதல் என மூன்று படிகளைப் பிரித்து, மூன்றாவதில்தான் தடை தொடங்கலாம் என்றது. உள்ளிருப்பதை எழுப்புதல் வேறு, செயலுக்குள் தள்ளுதல் வேறு என்று இலத்தீன் முன்னொட்டுகள் வைத்த வேறுபாட்டை நீதிபதிகள் நெடிய வழக்குகளின் வழியே மீட்டெடுத்தனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவிலும் ‘எக்ஸைட்’ என்னும் வினை இடம்பெற்றிருப்பதால் இவ்வேறுபாடு இன்றும் உயிருள்ளது.

சினமூட்டலும் அவ்வாறே. திடீரென நேர்ந்த கடும் சினமூட்டலால் தன்வயமிழந்து நிகழ்த்திய கொலையைச் சட்டம் தனியே கருதுகிறது; 1961-இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், சினமூட்டலுக்கும் சுட்டதற்கும் இடையில் சுமார் மூன்று மணி நேரம் கழிந்ததால் மனம் தணிய இடமிருந்தது என்று அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. எழுப்பப்பட்ட உணர்வு தணிவதற்கும் காலமுண்டு, தணித்துக்கொள்ளும் பொறுப்பு உணர்ந்தவருக்கும் உண்டு என்பது அத்தீர்ப்பின் உட்பொருள்.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆங்கிலத்தில் எழுப்பும் சொற்களின் மதிப்பு உணர்வின் மிகுதியைப் பொறுத்ததன்று. எழுப்பப்பட்டவர் தம் வலிமையைத் தாம் பெறுகிறாரா, அன்றிப் பிறர் கையில் அதனை இழக்கிறாரா என்பதைப் பொறுத்தது. விழிப்பித்தல் ஒருவரை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறது. ஏவுதல் அவரைப் பிறர்க்குக் கருவியாக்குகிறது. இரண்டாவது, தணிக்கும் சொற்களின் மதிப்பு கிடைத்த அடக்கத்தைப் பொறுத்ததன்று. தணிந்தவர் உணர்வோடு இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஆறுதல் பெற்றவர் அழவும் சிரிக்கவும் வல்லவராகவே இருக்கிறார். மரத்துப்போனவரால் இரண்டும் இயலாது.

மொழிபெயர்ப்பாளரும் செய்தியாளரும் சட்டம் வரைவோரும் மருத்துவரும் இச்சொற்களை நாள்தோறும் கையாள்கின்றனர். ஒரு கூட்டம் எழுந்தது என்பதற்கும் எழுப்பப்பட்டது என்பதற்கும், தூண்டிவிடப்பட்டது என்பதற்கும் உள்ள வேறுபாடு செய்தித்தாளின் ஒரு வரியில் மறைந்துவிட்டால், அக்கூட்டத்தில் நின்றவர்களின் நியாயமும் அவ்வரியோடு மறைந்துவிடும். ஊர் அமைதியாயிற்று என்பதற்கும் அடக்கப்பட்டது என்பதற்கும் உள்ள வேறுபாடு அவ்வாறே. தன்வினையையும் பிறவினையையும் வடிவத்திலேயே பிரித்துக்காட்டும் தமிழில் எழுதுவோருக்கு இக்கடமை எளிது. ஆதலால் அதில் தவறுவதற்கு அவர்களுக்கு நியாயமும் குறைவு. யார் எழுந்தார், யார் எழுப்பினார், யார் அடங்கினார், யார் அடக்கினார் என்பவற்றை ஒவ்வொரு வாக்கியத்திலும் மெய்யாகச் சொல்வதே இச்சொற்களைப் பயில்வதன் பயன்.